அளவாக வெட்டிய சவுண்ட் காட்

பழைய சட்டை ஒன்றில் சுற்றிக் கொண்டுவந்ததை என் மேசையில் வைத்துப் பக்குவமாக விரித்தார் சிமியோன். உள்ளே ஒரு சவுண்ட் காட். கணினிக்குள் பூட்டினால் பாட்டைத் துல்லியமாகப் பதிந்து தரும். ஒருகாலத்தில் நல்ல விலைபோன சாமான். குருநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி, கணினிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அச்சுவேலிக்கு வந்திருந்தார். பட்டணத்துக் கடைகளில் காட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எறியச் சொன்னார்களாம். கடைசியில் யாரோ, அச்சுவேலியில் உதயகலா என்று ஒருத்தி கடை வைத்திருக்கிறாள், அவள் எதையும் எறியமாட்டாள் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். என் கணவரும் இதையேதான் சொல்வார். அவர் சொல்லும்போது அது புகழ்ச்சியாக இருக்காது.

"உள்ளுக்கு இறங்குது பிள்ளை. சத்தந்தான் வரேல்லை," என்றார்.

இறங்க வழியே இல்லையே என்று நினைத்தேன். அது பழைய வகைக் காட். அடியில் இருக்கும் பொன்னிறப் பற்கள் ஒரு விரல் நீளம் வரும். அவருடைய கணினியின் தாய்ப்பலகை, மதர்போட், புதியது. அதில் காட் இறங்கும் ஸ்லொட்டின் நீளம் ஒரு பெருவிரல் அகலத்தைத் தாண்டாது. காட்டைத் திருப்பிப் பார்த்தேன். பற்களில் பெரும்பகுதியைக் காணவில்லை. இரண்டு பக்கமும் மரமறுக்கும் வாளால் அறுத்து, அரத்தால் ராவி, நடுவில் சின்ன நாக்கு ஒன்றை மட்டும் விட்டிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அத்தனை நேர்த்தியான வேலை.

"ஆர் ஐயா வெட்டினது?"

"நான்தான். வள்ளம் கட்டிற கை. பலகை பொருந்தாட்டிச் சீவிப் பொருத்திறதுதானே."

முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பற்கள் போனால் காட் செத்ததுதான். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, இது எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். உண்மையைச் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ள நான் எப்போதும் செய்வதுதான் அது.

கனடாவில் இருக்கும் அவருடைய அண்ணன் கிறிஸ்ரோபர் அனுப்பியது. இளவயதில் இருவரும் ஒவ்வொரு பெரிய வெள்ளியும் கோயிலில் ஒப்பாரி பாடுவார்களாம். ஒரு வரி அண்ணனுக்கு, ஒரு வரி தம்பிக்கு, கடைசி வரி இருவரும் சேர்ந்து. அண்ணன் வெளிநாடு போனார். தாய் செத்தபோது அவருக்கு அங்கே விசா சரிவரவில்லை, வரமுடியவில்லை. பிரேதம் வீட்டில் கிடக்கையில் சிமியோன் போனில் ஒன்று சொல்லிவிட்டார்: இனிமேல் எனக்குப் போன் எடுக்கவேண்டாம். அண்ணன் சொன்ன சொல்லைக் கேட்கும் மனிதர். பன்னிரண்டு வருடம் எடுக்கவில்லை. போன மாதம் ஊருக்கு வந்த ஒருவரிடம் இந்தக் காட்டைக் கொடுத்து, 'இதைப் பூட்டி உன்ரை வரியைப் பதிஞ்சு அனுப்பு, என்ரையை நான் இஞ்சை சேர்க்கிறன்' என்று சொல்லிவிட்டிருக்கிறார்.

"கிடைச்சதெண்டு சொன்னீங்களோ?"

"இல்லை. பாட்டை அனுப்பினாக் காணும்தானே. கதைக்கத் தேவையில்லை."

போனிலேயே பதியலாம் என்றேன். போனில் பதிவதென்றால் அண்ணன் ஏன் இதை அனுப்பவேண்டும் என்று திருப்பிக் கேட்டார். ஒரு வார்த்தை கதைக்காமலே அண்ணனுக்குப் பதில் சொல்ல சிமியோனுக்கு ஒரு வழி வந்திருந்தது. அதைத்தான் அவர் அறுத்து வைத்திருந்தார்.

அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய மதர்போட் ஒன்றை இறக்கித் துடைத்து அவர் முன்னால் வைத்தேன். நான் எதுவும் விளக்கவில்லை. அவர் நீளமான வெள்ளை ஸ்லொட்டைப் பார்த்தார். விரலை வைத்து அளந்தார். அதே விரலைக் காட்டில் மிஞ்சியிருந்த நாக்கில் வைத்தார். அளவு தெரிந்த கை.

"இது இருந்திருந்தா வெட்டத் தேவையில்லை, என்ன?"

"ஓம் ஐயா."

"இனி ஒண்டும் செய்யேலாதோ?"

"ஏலாது."

தேத்தண்ணி ஆறிக் கிடந்தது. அவர் சட்டையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். பிறகு தன் போனை என் பக்கம் தள்ளினார்.

"நீர் அண்ணைக்கு எடுத்துச் சொல்லும் பிள்ளை. புது மதர்போட்டிலை பொருந்தேல்லை எண்டு மட்டும் சொன்னாக் காணும்."

என் தொழிலில் பாதி இதுதான். என்ன பிழை என்று யாரும் கேட்பதில்லை. யாருடைய பிழை என்றுதான் கேட்பார்கள். அவர் சொல்லச் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பிழை முழுவதும் கனடாவுக்குப் போய்விடும். மனமில்லாமல்தான் எடுத்தேன். வேலை முடிந்து வந்த களைப்போடு ஒரு குரல், ஆர் என்று கேட்டது. நான் இன்னார், சிமியோன் ஐயா கடைக்கு வந்திருக்கிறார், காட் புது மதர்போட்டுக்குப் பொருந்தவில்லை என்றேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"அப்ப பிழை என்ரைதான் தங்கச்சி. பழசெண்டு யோசிக்காமல் அனுப்பிப்போட்டன். அவனைக் கோவிக்கவேண்டாமெண்டு சொல்லுங்கோ. ஏற்கெனவே என்னிலை கோவம்."

சிமியோன் போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"அண்ணை, உங்கடை பிழை இல்லை. காட்டை நான்தான் வெட்டினனான்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"எதாலை வெட்டினனீ?"

"அப்பான்ரை வாளாலை."

"அது இன்னும் கிடக்கோ?"

"ஓம். நல்லாத்தான் கிடக்கு."

அதற்குப் பிறகு காட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை. தாயைப் பற்றியும் பேசவில்லை. சிமியோன் காட் சுற்றி வந்த சட்டையால் முகத்தைத் துடைத்தார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முதல் வரியைத் தொடங்கினார். தம்பி அடுத்ததை எடுத்தார். போனுக்குக் காசு போட வந்த ஒருவர் வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டார்.

கடைசி வரியில் சிக்கல் வந்தது. குரல் அங்கிருந்து வந்துசேரவும் இங்கிருந்து போய்ச்சேரவும் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. அண்ணனின் குரல் காதில் விழுந்த பிறகு சிமியோன் சேர்ந்துகொண்டார்.

"பிந்திறாய்," என்றது போன்.

இன்னொரு தரம் பாடினார்கள். அப்போதும் பிந்தியது. மூன்றாவது தரம் சிமியோன் அண்ணனுக்காகக் காத்திருக்கவில்லை. இங்கே ஒரு சத்தமும் வராத நேரத்தில் தானே தொடங்கினார்.

"இப்பச் சரி. விடாமல் பாடு," என்றது போன்.

தம்பியின் குரல் போய்ச்சேரும்போது அங்கே அண்ணனுடையதோடு சரியாகத்தான் சேர்ந்திருக்கும். என் கடையில் அந்த வரி இரண்டாகப் பிளந்து, தம்பியுடையது முன்னாலும் அண்ணனுடையது பின்னாலுமாகக் கேட்டது. தாளம் குழம்பாமல் இருக்க சிமியோன் ஒரு விரலால் காதை அடைத்துக்கொண்டு, தனக்குக் கேட்காத பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்.