பொடி எழுத்தில் ஒரு மகள்

குமுதவல்லிக்கு ஐம்பத்தெட்டு வயது. இன்னும் கண்ணாடி போடவில்லை. இந்தச் செய்தியை அவள் வாயால் கேட்காத ஆள் அந்த மலேசியத் தோட்டத்தில் கிடையாது. சுங்கை காடுட் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் பூதக்கண்ணாடிக்குக் கீழே கடுகைவிடச் சின்னச் சாமான்களை வைத்து, கீறல் விழுந்ததைப் பொறுக்கி எறிந்த கண் அது. வேலையை விட்டு வந்த பிறகு அந்தக் கண்ணுக்கு வேறு தீனி வேண்டியிருந்தது. யார் வீட்டு வாசலில் யார் மோட்டார் நிற்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்பதை ஜன்னலில் நின்றபடியே வண்டி நம்பரோடு சொல்லிவிடுவாள்.

அந்தக் கண்ணை நம்பித்தான் குட்டிக் கணினியையும் வாங்கினாள். ஏழு அங்குலத் திரை. மூடினால் கைப்பைக்குள் போய்விடும். பெரிய திரையில் எத்தனை புள்ளிகள் உண்டோ அத்தனையும் இதிலும் உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தான். பொய்யில்லை. ஆனால் அத்தனை புள்ளிகளையும் உள்ளங்கை அகலத்துக்குள் அடைத்தால் எழுத்து என்ன கதிக்கு வரும் என்பதை அவன் போடவில்லை. படம் பளிங்கு மாதிரி இருக்கும்; எழுத்து பேன் குஞ்சு மாதிரி ஊரும். பெரிதாக்கலாம்தான். பெரிதாக்கினால் அவளுடைய பழைய தமிழ்த் தட்டச்சுச் செயலியில் கீழ்ப்பாதி திரைக்கு வெளியே போய்விடும். சேமிக்கிற பொத்தானையும் அனுப்புகிற பொத்தானையும் குழிக்குள் விழுந்த காசைத் தேடுவதுபோலத் தேட வேண்டும். அதனால் அவள் பெரிதாக்குவதே இல்லை. அதோடு, யாராவது "கொஞ்சம் பெருசு பண்ணுங்கக்கா" என்று கேட்டால் ஒரு பார்வை பார்ப்பாள். உன் கண் போனதற்கு நானா பொறுப்பு என்கிற பார்வை. அதற்குப் பயந்தே கோயில் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம் என்று அடிக்கக் கொடுத்தவர்கள் திரையைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "சரியா இருக்குக்கா" என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவளும் அவர்கள் படித்தார்கள் என்றே நம்பினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பக்கத்து வீட்டுத் தாயம்மா சிரம்பான் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். நெஞ்சுச் சளி, ஒன்பது நாள் படுக்கை. அடக்கம் மறுநாள் இரண்டு மணிக்கு.

தாயம்மாவின் புருஷன் அமிர்தலிங்கம், தோட்டத்துக் கங்காணியாக இருந்தவர்; எல்லாருக்கும் மண்டோர். எழுபத்தாறு வயது. ரப்பர் மரம் இருந்த காலத்தில், பால் நிறுக்கிற கொட்டகையில் நின்று தராசு முள்ளைப் பார்த்து எடையை உரக்கச் சொன்ன ஆள். அவர் சொன்னால் சொன்னதுதான். முள்ளை இன்னொரு தடவை பாருங்கள் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இருந்ததில்லை. மரங்களை வெட்டிச் செம்பனை வைத்துப் பல வருஷம் ஆகியும் அந்தக் குரலும் அந்தப் பயமும் அப்படியே இருந்தன.

சாவு வீட்டில் ஆயிரம் வேலை இருந்தாலும் பேப்பர் அறிவிப்பு தனி வேலை. மறுநாள் தமிழ்ப் பேப்பரில் படம் போட்டு, கீழே மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகப் பெயர் வர வேண்டும். வந்தால்தான் இறந்தவர் முறைப்படி இறந்ததாகக் கணக்கு. அதில் ஒரு பெயர் விட்டுப்போனால் இருபது வருஷம் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் இந்தத் தோட்டத்திலேயே மூன்று உண்டு. பெயர் இருக்கிறவன் உறவு. பெயர் இல்லாதவன் வந்து நிற்கிற கூட்டத்தில் ஒருவன்.

தாயம்மாவுக்கு வசந்தன், குணாளன் என்று இரண்டு மகன்கள். மோகனா என்று ஒரே மகள். மோகனா பதினோரு வருஷத்துக்கு முன்னால் போர்டிக்சன் ஊர்க்காரன் கிளெனை மாதா கோயிலில் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு மண்டோர், "இனிமே இந்த வீட்ல அவ பேர எவனும் எடுக்கக் கூடாது" என்றார். எவனும் எடுக்கவில்லை. தாயம்மாகூட எடுக்கவில்லை. மாதத்தில் ஒரு நாள், சீனி கடன் கேட்கிற சாக்கில் குமுதவல்லி வீட்டுக்கு வந்து, இவள் அடுப்படியில் நின்று இவளுடைய கைத்தொலைபேசியில் மகளோடு பேசிவிட்டுப் போவாள். குமுதவல்லி அடுப்படியை விட்டு வெளியே வந்து நிற்பாள். காது மட்டும் உள்ளே இருக்கும். ஆனால் அந்த ஒரு விஷயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

அறிவிப்பை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். வசந்தன் மலாய்ப் பள்ளியில் படித்தவன், தமிழில் அடிக்க வராது. நாலேகால் மணிக்கு குமுதவல்லி கைப்பையோடு போய் மண்டோர் எதிரே உட்கார்ந்தாள். கூடத்தில் இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். உடலை எடுத்துவரக் குணாளன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான்.

"அண்ணே, பேரெல்லாம் சொல்லுங்க."

"ஒனக்குத் தெரியாத பேரா குமுதா? எல்லாத்தையும் போடு."

அந்த 'எல்லாம்' எதுவரைக்கும் என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. கேட்டால், இருபது பேர் முன்னால் பதினோரு வருஷத்துக்கு முந்தைய வாக்கை அவர் திருப்பிச் சொல்ல வேண்டிவரும். அப்புறம் சொன்னது சொன்னதாகிவிடும். அவள் கேட்கவில்லை. அடித்தாள். வசந்தன் – விமலா, குணாளன், அதற்குக் கீழே தன் பொறுப்பிலேயே ஒரு வரி: மகள், மருமகன்: மோகனா – கிளென். போர்டிக்சன் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் சேர்த்தாள்.

வழக்கமாக அறிவிப்பை வாய்விட்டுப் படித்துக் காட்டுவதுதான் முறை. இதை எப்படிப் படிப்பது? அந்த வீட்டில் அந்தப் பெயரை யார் முதலில் சொல்வது? முழு அறிவிப்பும் ஒரே திரையில் தெரிகிற அளவில் கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

"பாருங்கண்ணே. சரியான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

மண்டோர் குனிந்தார். விரலைத் திரையில் வைத்து, வரி வரியாக நகர்த்தினார். உதடு அசைந்தது. கூடத்தில் பேச்சு நின்றது. விரல் நடுவுக்கு வந்ததும் நின்றுவிட்டது. சரியாக அந்த வரி. குமுதவல்லியின் கண் தப்புமா? விரல் அங்கேயே கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு புறங்கையால் கணினியை அவள் பக்கமே தள்ளிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வசந்தன் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து குனிந்து, "எந்த எடம் அத்தே?" என்று கேட்டான். அவள் சொல்லவில்லை, நகத்தால் காட்டினாள். மகன்கள் வரிக்குக் கீழே உள்ள வரி; யார் பெயர் என்று அவனுக்குப் புரிந்தது.

"எடுத்துருங்க அத்தே. இன்னிக்கு வேணாம்லா. அம்மா போகட்டும் மொதல்ல."

எடுத்தாள். அந்த வரியையும், அதற்குக் கீழே அந்த இரண்டு குழந்தைகளையும். நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள். மண்டோர் மனசு இன்னும் இறங்கவில்லை என்ற சேதி, தேநீர் தம்ளரோடு சேர்ந்து பந்தலைச் சுற்றி வந்தது. அதில் ஒரு சுற்றுக்குக் குமுதவல்லியே பொறுப்பு.

மறுநாள் காலை பேப்பர் வந்தது. பத்து மணி வாக்கில் குணாளன் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பையைப் பிரித்தான். தாயம்மாவின் சேலை, சீப்பு, ஃபிளாஸ்க்கு, எல்லாவற்றுக்கும் அடியில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி. ஒன்பது நாள் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தவர் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

மண்டோர் அதைப் போட்டுக்கொண்டு, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். மனைவியின் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கீழே வந்தார். திரும்ப மேலே போய்க் கீழே வந்தார்.

"குமுதா. மக பேரு எங்க?"

எடை சொல்கிற அதே குரல். சடங்கு செய்ய வந்த பண்டாரம் மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

"நீங்கதானேப்பா வேணாம்னு தள்ளி விட்டீங்க?" என்றான் வசந்தன்.

"எதடா தள்ளுனேன்?"

"நேத்து... கம்ப்யூட்டர. அவ பேருல வெரல வெச்சிட்டு..."

"எம் பொண்டாட்டி பேரே எனக்கு அதுல தெரியலடா!" கிழவர் குரல் உடைந்தது. "சாம்பலப் பூசுன மாதிரி இருந்துச்சி. ஒரு எழுத்துத் தெரியல. எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் என்னான்னு சொல்ல?"

முள்ளைப் பார்த்து முப்பது வருஷம் எடை சொன்ன மனுஷன், கண் தெரியவில்லை என்று கூட்டத்தில் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பெத்த மக பேரு இல்லாமயா அவள அனுப்புறது? எல்லாத்தையும் போடுன்னுதானே சொன்னேன்."

ஊரில் யார் தப்பையும் முதலில் கண்டுபிடிக்கிறவள் குமுதவல்லி. தன் தப்பை இருபது பேர் கண்டுபிடித்துவிட்ட இடத்தில் எப்படி நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் விமலா உள்ளே வந்து வசந்தனிடம் ஏதோ சொன்னாள். மோகனா வந்திருக்கிறாள். அரைமணி நேரமாகச் செம்பனையோரம் கார் நிற்கிறதாம். உள்ளே வரவில்லையாம்.

மண்டோர் எழுந்திருக்கப் பார்த்தார். கையில் தர்ப்பை கட்டியாகிவிட்டது, சடங்கு முடியும்வரை எழக்கூடாது என்றார் பண்டாரம். "நான் போறேன்" என்றாள் குமுதவல்லி. வாசலில் நின்று கணினியைத் திறந்து, எடுத்த வரியைப் பழைய இடத்தில் திரும்ப அடித்தாள். விரல் மூன்று தடவை தவறியது.

மோகனா காருக்கு வெளியே, கதவில் சாய்ந்து நின்றாள். முப்பத்தொன்பது வயதுக்கு நிறைய நரை. கையில் பேப்பர். காருக்குள் கிளென் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தான்.

"மூஞ்சிய ஒருவாட்டி தூரமா நின்னு பாத்துட்டுப் போய்டுறேன் அத்தே," என்றாள் மோகனா. "உள்ள வரமாட்டேன். சண்டக்கி வரல."

"ஒங்கப்பா கூப்புடுறாரு."

"பேப்பர்ல பாத்தேனே, கூப்புட்டத."

"அது அவரு இல்ல மோகனா. நான்." என்றாள் குமுதவல்லி. "நாந்தான் எடுத்தேன். அவரு தள்ளுனதும் ஒன்னத்தான் வேணாங்கிறாருன்னு நெனச்சிட்டேன். அவருக்குக் கண்ணே தெரியல. கண்ணாடி ஆஸ்பத்திரியில கெடந்துச்சி."

"அவரக் காப்பாத்த நீங்க ஏன் பொய் சொல்றீங்க? நீங்க அம்மாவுக்குச் செஞ்சது போதும் அத்தே."

குமுதவல்லி வாதாடவில்லை. கணினியை அவள் கையில் வைத்தாள். "இப்பத்தான் அடிச்சேன். ஒளிக்கல. ஒம் பேரு எங்க இருக்குன்னு நீயே பாரு."

மோகனா பார்த்தாள். கையை நீட்டிப் பார்த்தாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கினாள். விரலைத் திரையில் வைத்து வரிகளை எண்ணுவதுபோலக் கீழே நகர்த்தினாள். நடுவில் விரல் நின்றது.

"என்னாத்தே இது..." என்றாள். "ஒண்ணுமே தெரியலையே. வெறும் கோடு கோடா இருக்கு."

"ஒனக்கே தெரியல. அவருக்கு எழுபத்தாறு வயசு."

மோகனா விரலை எடுக்கவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. திரையின்மேல் ஒரு சொட்டு விழுந்தது. அதற்கு அடியில் நாலைந்து எழுத்துகள் மட்டும் உப்பிப் பெரிதாகத் தெரிந்தன. யார் பெயரோ, என்ன பெயரோ.

"வாய்விட்டுப் படிச்சிருக்கணும்," என்றாள் குமுதவல்லி. "ஒம் பேரச் சொல்லப் பயந்துட்டேன். ஊர்க்கத எல்லாம் பேசுற வாய்தான். அதச் சொல்ல வரல."

"பேப்பரு போயிருச்சே அத்தே."

"போயிருச்சி. அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அதுவும் உண்மை. பக்கத்து ஊர் ராசாவிலும் போர்டிக்சனிலும் ரொட்டி சானாய் போடும் சாப்பாட்டுக் கடைகளில் பேப்பரை எத்தனை பேர் விரித்திருப்பார்கள்? அவர்கள் அத்தனை பேருக்கும் தாயம்மா மகள் இல்லாமலேயே செத்துப்போனாள். அதைத் திருத்த எந்தப் பொத்தானும் இல்லை.

கிளென் கார்க் கதவைத் திறந்து இறங்கினான். "போ மோகனா," என்றான் மெதுவாக. "அம்மாவுக்காகப் போ. நாங்க பின்னால வர்றோம்."

அவள் போனாள். பந்தலில் நாற்காலிகள் தானாக ஒதுங்கின. வாசற்படியில் கால் வைத்தவள் அங்கேயே நின்றாள். மண்டோர் தர்ப்பைக் கையைத் தூக்கினார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, கொட்டகையில் எடை சொன்ன மாதிரி, பெயரைச் சொன்னார்.

"மோகனா. உள்ள வா. கிளென், புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வா. ஆயாவுக்கு வாய்க்கரிசி போடணும்."

மோகனா மன்னிப்புக் கேட்கவில்லை; அவரும் கேட்கவில்லை. பெட்டியருகே அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவள் அந்த இடத்தில் உட்கார்ந்து, அம்மாவின் கன்னத்தைத் தொட்ட பிறகுதான் அழ ஆரம்பித்தாள். பதினோரு வருஷத்து அழுகை. பண்டாரமே கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

குமுதவல்லி உள்ளே போகவில்லை. பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ராசாவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டே அவள் பக்கம் சாய்ந்தாள்.

"யாருங்க அந்தப் பொண்ணு? இம்மாம் அழுவுது? பேப்பர்ல மக யாரும் இல்லையே. என்னா கதலா இது?"

சொல்வதற்குக் குமுதவல்லியிடம் எல்லாம் இருந்தது. மாதா கோயில், மண்டோர் போட்ட சத்தம், சீனிக் கடன், அடுப்படி. வேறொரு நாளாக இருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள்.

"தாயம்மாவோட மக," என்றாள். "பேரு மோகனா."

அந்த அம்மாள் மேலே ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.