ஆறு மாடிக்கும் ஒரே வலி

அந்த ஆறு மாடிக் கட்டடம் முழுக்க டாக்டர்கள். அவர்களையும் நோயாளிகளையும் ஏற்றி இறக்கும் லிஃப்டைப் பழுது பார்ப்பவரை எல்லோரும் லிஃப்டண்ணன் என்பார்கள். போன வருடம் லிஃப்ட் குழிக்குள் கால் தவறி விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டார். முதல் மாடி எலும்பு டாக்டரம்மா ஆபரேஷன் செய்து, வலிக்கு முப்பது மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறகு இன்னொரு முப்பது.

இரண்டே மாதத்தில் முட்டி தேறிவிட்டது. மாத்திரைதான் விடவில்லை. அதைப் போட்டால் முட்டி வலி மட்டுமல்ல, முதலாளியின் கத்தல்கூடத் தூரத்தில் எங்கோ கேட்பதுபோல் இருந்தது. போடாவிட்டால் மூக்கு ஒழுகியது, வயிறு கலக்கியது, கை நடுங்கியது.

"போதும்ணே, இனி வேண்டாம்" என்று டாக்டரம்மா நிறுத்தியதும், அண்ணன் மேல் மாடிகளுக்கு ஏறினார். இரண்டில் இடுப்பு வலி. மூன்றில் தோள் வலி. ஐந்தில் சிறுநீரகக் கல். ஆறில் ஒற்றைத் தலைவலி. தெரிந்த முகம், தங்கமான மனுஷன். யாருக்குச் சந்தேகம் வரும்? சீட்டுகளைத் தரைத்தளத்து மருந்துக்கடைக்கு மட்டும் கொண்டுபோக மாட்டார். அது மனைவியின் தம்பி கடை.

இந்த மாத்திரைகளை எந்த டாக்டர் எழுதினாலும், எந்தக் கடை கொடுத்தாலும், பழைய சீட்டுகளையும் சேர்த்து ஒரே பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது அண்ணனுக்குத் தெரியாது. மிச்சமிருந்த நாலாவது மாடிக்கு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனார்.

பல் டாக்டர் தட்டிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். "பல்லு கல்லு மாதிரி இருக்குண்ணே."

"பரவால்ல டாக்டர், புடுங்கிடுங்க. புடுங்கினா மாத்திரை தருவீங்கல்ல?"

சொன்ன பிறகுதான் அண்ணனுக்கே தன் குரல் காதில் விழுந்தது. டாக்டர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். இடுப்பு, தோள், கல், தலை என்று வரிசையாக இருந்தது.

"உங்க உடம்புல வலிக்காத இடம் எதுண்ணே?"

அண்ணன் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

கேள்விப்பட்டு டாக்டரம்மாவே மேலே வந்தார். "போலீஸுக்குச் சொல்லிடுவீங்களா?" என்றார் அண்ணன்.

"போலீஸ் எதுக்கு? பத்து எழுத வேண்டிய இடத்துல முப்பது எழுதினவ நான். முதல் தப்பு என்னோடது. ஒரேயடியா நிறுத்தினா உடம்பு தாங்காது. கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம். இனி ஒரே டாக்டர், ஒரே கடை. வாரத்துக்கு ஒரு சீட்டு."

அந்த ஒரே கடை மச்சான் கடை! சீட்டைப் படித்த மச்சான் ஏழு நாளுக்கு எண்ணிக் கொடுத்துவிட்டு, "அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா மாமா, நான் சொல்லட்டுமா?" என்றான்.

அண்ணனே சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நேரங்கெட்ட நேரத்துல காணாம போறதும், போனை ஒளிச்சு வைக்கிறதும்... வேற ஒருத்தி இருக்கான்னே முடிவு பண்ணிட்டேங்க."

"சேச்சே!"

"அவளா இருந்தா முடியைப் பிடிச்சு இழுத்துப் போட்டிருப்பேன். மாத்திரைக்கு முடி எங்க இருக்கு?" என்றவள் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மூன்று மாதம் லேசில் போகவில்லை. விஷயம் தெரிந்த முதலாளி அவரை லிஃப்ட் பக்கமே விடாமல் உதிரிபாகக் கிடங்கில் உட்கார வைத்தார். ஐந்தாவது வாரம் அண்ணன் பஸ் ஏறி, ஊர்க்கோடியில் ஒரு கடையில் பழைய சீட்டை நீட்டினார். கடைக்காரப் பெண் திரையைப் பார்த்தாள்.

"உங்க பேருக்குப் பதிவான கடை வேற இடத்துலதானே சார் இருக்கு?"

வந்த பஸ்ஸிலேயே திரும்பினார். இறங்கியதும் மனைவியிடம் அதையும் ஒளிக்காமல் சொன்னார். அடுத்த வாரம் சீட்டு வாங்கப் போனபோது அவளும் கூடவே வந்தாள்.

பதினாலாவது வாரம் டாக்டரம்மா சீட்டே எழுதவில்லை. முட்டிக்கான பயிற்சிகளை மட்டும் செய்து காட்டினார்.

"வலிச்சா?" என்றார் அண்ணன்.

"வலிக்கும். கொஞ்ச நேரம் வலிச்சிட்டு நிக்கும்."

மறுநாள் காலை அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி மடக்கினார். "அம்மாடி!" என்று கத்தினார். அடுப்படியிலிருந்து மனைவி, "பத்துத் தடவைன்னு சொன்னாங்க, நான் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்!" என்று பதிலுக்குக் கத்தினாள்.