ஒட்டியாச்சுங்க

ஒட்டியாச்சுங்க என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா, ஒரு தாளைச் சுவரில் ஒட்டிவிட்டால் ஊருக்கே சொன்னதாகிவிடுமா, எந்தச் சட்டம் அப்படிச் சொல்கிறது, சொல்கிறதாம், சட்டமேதான் சொல்கிறதாம்... பஞ்சாயத்து ஆபீஸ் படியிறங்கி, பந்தலூர் ரோட்டைக் கடந்து, தேயிலைக்குள் இறங்கும் மண்பாதையில் கால் வைத்த பிறகும் எழுத்தர் நஞ்சப்பனின் குரல் பாலாமணியின் காதை விட்டுப் போகவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, திருப்பித் திட்டியிருப்பாள், மனசு ஆறியிருக்கும். அவன் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள், வார்த்தைக்கு வார்த்தை மரியாதை போட்டுப் பேசுகிறவன், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான், உட்கார்ந்த பிறகுதான் சொன்னான், தேர்தல் முடிந்துவிட்டது என்று. எப்படி முடியும், பெட்டியே வரவில்லையே, ஒருத்தர் விரலிலும் மை இல்லையே என்று இவள் கேட்டதற்கு, மனு போடக் கடைசி நாள் போய்விட்டது, மளிகைக் கடை ஆறுக்குட்டியின் சம்சாரம் கனகமணி ஒருத்திதான் மனு போட்டிருந்தாள், எதிர்த்து ஆளில்லை, அதனால் ஓட்டுப் போடாமலே மெம்பர் ஆகிவிட்டாள் என்று சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னான். எதிர்த்து ஆளில்லையாம். ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறது, கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரல்களை மடியில் கோத்துக்கொண்டு, அரைநாள் கூலியை விட்டுவிட்டு, பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது, அதன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்கிறான் ஆளில்லை என்று.

வழுக்கியது. ஐப்பசித் தூறலில் பாதை சோப்பு மாதிரி இருந்தது, தேயிலைச் செடியைப் பிடித்து நின்று, பிடித்த கையாலேயே ஒரு கொத்தைப் பறித்து எறிந்தாள்... நான் என்ன ஒளிந்தா இருந்தேன். பழைய மெம்பர் மெட்டில்டா, மகன் வீட்டோடு போய் இருக்கப்போகிறேன் என்று ராஜிநாமா எழுதிக்கொடுத்த வாரமே இவனிடம் வந்து கேட்டாளே, பொம்பளைக்கு ஒதுக்கின வார்டுதானே, நான் நிற்கலாமா என்று. தாராளமாக நிற்கலாம் என்றான். எப்போது தேர்தல் என்றாள். வந்தால் முறைப்படி நோட்டீஸ் ஒட்டுவோம் என்றான். அதற்குப் பிறகும் பஜாருக்குப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்துக் கேட்டாள், அதே பதில்தான், வந்தால் ஒட்டுவோம். அதை நம்பினாளே, அந்த முட்டாள்தனத்தை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது... வந்ததும் ஒட்டியிருக்கிறான், அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் வயிற்றைப் பற்றியெரிய வைக்கிறது. எங்கே ஒட்டினாய் என்றால் சரசரவென்று ஒப்பிக்கிறான். ஆபீஸ் போர்டில். அந்த போர்டு இரும்பு கேட்டுக்கு உள்ளே வராந்தாவில் இருக்கிறது, அந்த கேட் இவன் வந்தால்தான் திறக்கும், இவன் கூடலூர் மீட்டிங் என்று போனால் அன்றைக்கு முழுதும் பூட்டு. பள்ளிக்கூடச் சுவரில். காலாண்டு லீவு விட்டுப் பள்ளிக்கூடத்தில் குரங்குதான் குடியிருந்தது. ரேஷன் கடை வாசலில். சரக்கு வரவில்லை என்று கடையே திறக்காத வாரம் அது, மண்ணெண்ணெய் இல்லாமல் எங்கள் லயத்து வீட்டு வரிசையே இருட்டில் கிடந்த வாரம். தண்டோரா போட்டாயா என்றால் போட்டதாம், பஜாரில், ஆறுக்குட்டி கடைக்கு நேர் எதிரில். அட, அவ்வளவு சிரமப்பட்டு ஏன் அடித்தார்கள், கனகமணி காதுக்குள்ளேயே போய்ச் சொல்லியிருக்கலாமே.

சட்டப்படிதான் எல்லாம். படிக்கிற ஆள் வராத இடமாகப் பார்த்து ஒட்டினால் அதற்குப் பேர் சட்டமா. யாருக்காக ஒட்டுகிறார்கள், சுவருக்கா, குரங்குக்கா... அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார். சிலோனில் காலமெல்லாம் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டின மனுஷன், அங்கே ஓட்டைப் பிடுங்கிக்கொண்டு நீ இந்த நாட்டு ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், இவளைக் கையில் பிடித்துக்கொண்டு, தம்பி செல்லதுரையைத் தோளில் போட்டுக்கொண்டு கப்பல் ஏறினார். இங்கே வந்து முதல்முதலாக விரலில் மை வைத்த அன்றைக்கு, அந்த மை போய்விடக்கூடாது என்று இடது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் குளித்தார், அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த ஓட்டைத்தான் இப்போது பெட்டியே வைக்காமல் முடித்துவிட்டார்கள். அங்கே பிடுங்கினவர்கள் பிடுங்குகிறோம் என்று சொல்லியாவது பிடுங்கினார்கள். இங்கே நாற்காலி போட்டு, அம்மிணி என்று கூப்பிட்டு...

முதல் விளக்குக் கம்பம் வந்துவிட்டது. நின்றாள். கம்பம் மட்டும்தான், மேலே வளைந்த கம்பி, கம்பியின் நுனியில் ஒன்றும் இல்லை. உள்ளாட்சித் தேர்தல் வந்த புதிதில், தேயிலை ஃபேக்டரியின் பின்பக்கத்திலிருந்து லயம் வரைக்கும் வரிசையாக நட்டுவிட்டுப் போனார்கள், பல்ப் அடுத்த மாசம் வரும் என்றார்கள், அந்த அடுத்த மாசம் இன்னும் வரவில்லை, காட்டுக்கொடிதான் ஏறியிருக்கிறது. மூன்றாவது கம்பத்தடியில்தான் செல்லதுரை கிடந்தான். ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து வந்தவன், கொம்பன் யானை நின்றது தெரியவில்லை, இருட்டோடு இருட்டாக நின்றிருக்கிறது, கைக்கெட்டும் தூரம் போன பிறகுதான் தெரிந்திருக்கும், தெரிந்ததோ இல்லையோ. ஒரு பல்ப் எரிந்திருந்தால் தூரத்திலேயே பார்த்திருப்பான், திரும்பி ஓடியிருப்பான், நன்றாக ஓடுகிறவன். வனத்துறை ஆள் வந்து யானையைக் குற்றம் சொன்னான், தோட்டத்து மேஸ்திரி, செல்லதுரை குடித்திருந்தானா என்று கேட்டார், கம்பத்தை மட்டும் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்காகத்தானே நிற்கிறேன் என்றேன். மெம்பர் ஆகிக் காரில் போகவா. கூட்டத்தில் எழுந்து நின்று, எங்கள் பாதைக்கு விளக்கைப் போடு என்று கேட்க ஒரு வாய் வேண்டும், அவ்வளவுதானே. கனகமணி கேட்பாளா, அவள் ரோட்டோரத்து வீட்டில் இருக்கிறாள், அவள் வாசலில் டியூப்லைட்டே எரிகிறது, இந்தப் பாதை கிழக்கே போகிறதா மேற்கே போகிறதா என்று அவளுக்குத் தெரியுமா...

பாதத்தில் ஏதோ ஊறியது, அட்டை. குனிந்து பிய்த்தாள், ரத்தம் நிற்காமல் வழிந்தது, துடைக்கவில்லை. குனிந்தபோதுதான் அது வந்தது, இவ்வளவு தூரமும் வராமல் தள்ளிவைத்திருந்தது. நஞ்சப்பன் இன்னொன்றும் சொன்னான். நீ ஒட்டின இடமெல்லாம் பூட்டின இடம் என்று இவள் மேஜையைத் தட்டிக் கத்தியபோது, அவனுக்கும் முதல்முறையாக முகம் சிவந்தது.

"ஏனுங்க அம்மிணி, ஃபேக்டரி கேட்டுலயும்தான் ஒட்டுனேன். அதென்ன பூட்டுன எடமுங்களா? உங்க ஊட்டுக்காரருதான் பசை வாளியப் புடிச்சுட்டு நின்னாரு. அவருகிட்டயே கேட்டுப் பாருங்க."

பொய். பொய்யாகத்தான் இருக்கும், மாட்டிக்கொண்டவன் பழியைத் தூக்கி எங்காவது போடத்தானே பார்ப்பான். நல்லசாமியா, நல்லசாமி வாளி பிடித்தானா. அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், பஸ் போர்டு படிப்பான், சினிமா போஸ்டர் படிப்பான், வார்டு என்றும் தேர்தல் என்றும் பெரிய எழுத்தில் போட்டிருந்ததைப் படிக்காமலா இருந்திருப்பான். படித்துவிட்டு அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்திருக்கிறான். வந்து கைகால் கழுவி, இவள் போட்ட தேத்தண்ணியைக் குடித்திருக்கிறான். தேதி தெரிஞ்சா சொல்லுங்க, ஃபேக்டரியில யாராவது பேசிக்குவாங்க என்று இவள் தினமும் கேட்டாளே, அன்றைக்கும் கேட்டிருப்பாளே, அவன் என்ன சொன்னான்... தலையை ஆட்டினான். ம் என்றான். அந்த ம் அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது, அல்லது ஞாபகம் வந்த மாதிரி இருந்தது, எல்லா நாளும் அவன் ம் என்றுதானே சொல்வான், இதில் எந்த ம் அந்த ம். ஏன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை ஆறுக்குட்டியின் லாரிக்கு மூட்டை ஏற்றப் போகிறானே அதற்காகவா. பொண்டாட்டி மெம்பர், இவன் யார் என்று ஆம்பளைகள் கேலி பேசுவார்கள் என்றா. ஒருத்தனும் பேசியிருக்க மாட்டான், இவனே நினைத்துக்கொண்டிருப்பான். நஞ்சப்பன் அந்நியன், சம்பளத்துக்கு ஒட்டுகிறான், அவனைத் திட்டிவிட்டுத் தூங்கிவிடலாம். இவன் பக்கத்தில் படுக்கிறவன். அவள் நடை வேகமானது, மூச்சு இரைத்தது, வெயில் இருக்கும்போதே சுற்றுமுற்றும் பார்த்து நடக்கிற இடத்தை இன்றைக்கு எப்போது தாண்டினாள் என்றே தெரியவில்லை, நிமிர்ந்தபோது லயத்துக் கூரை தெரிந்தது.

நல்லசாமி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். நல்ல சேலையையும் காலில் வழிகிற ரத்தத்தையும் பார்த்துவிட்டு, சுண்ணாம்பு வை என்றான். அவள் வைக்கவில்லை. வரும் வழியெல்லாம் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள், வாயைத் திறந்தபோது ஒன்றுதான் வந்தது.

"பசை வாளி கனமா இருந்துச்சா?"

அவன் கோடரியைக் கட்டையிலேயே விட்டான். என்ன பசை, எந்த வாளி என்று கேட்பான், கேட்டதும் பிடித்துக்கொள்ளலாம் என்று அவள் காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. உள்ளே போய்விடுவான் என்று பார்த்தாள், போகவும் இல்லை. உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"நீ மெம்பரானா கூட்டம் அது இதுன்னு பொழுது சாஞ்சுதான் வருவ," என்றான். "அந்தப் பாதையில. செல்லதுரைய நான்தான் அள்ளிக் கொண்டாந்தேன் பாலா. உன்னயப் பார்க்க விடல. நீ பார்க்கல."

"அந்தப் பாதைக்கு வெளக்குப் போடத்தானே நிக்கிறேன்னேன்."

"வெளக்குப் போடுற வரைக்கும் யாரு நடக்குறது?"

பதில் இருந்தது, ஒன்றில்லை, பத்து இருந்தது. நான்தான் நடப்பேன், இன்றைக்கும் நடந்துதானே வந்தேன், நீங்கள் தினம் நடக்கவில்லையா, என்னிடம் கேட்டீர்களா, கேட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேனே, சண்டை போடக்கூட விடாமல்... ஆனால் அவள் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் இருக்கிறதா என்று தேடினாள், ஆறுக்குட்டியின் லாரி அந்த முகத்தில் எங்கேயாவது ஓடுகிறதா என்று தேடினாள், இல்லை. அவன் நிஜமாகவே பயந்திருக்கிறான். அதுதான் தாங்கவில்லை. பொய் என்றால் பிடித்து உலுக்கலாம். பயத்தை என்ன செய்வது, அதுவும் தன்மேல் வைத்த பயத்தை, அதைக் கையில் வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல வேண்டுமா. உள்ளே எரிந்தது அணையவில்லை, போக்கிடம்தான் இல்லாமல் போயிற்று. நஞ்சப்பன் சட்டப்படி ஒட்டினான், இவன் பிரியப்பட்டு மறைத்தான், தப்பு செய்த ஆள் என்று ஒருத்தரும் இல்லை, மெம்பர் கனகமணி, கம்பத்தில் விளக்கில்லை.

"கேட்டுல ஒட்டுன தாளு எத்தன நாளு இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"மழையில பிஞ்சு விழுற வரைக்கும் இருந்துச்சு."

"அந்தக் கேட்டு வழியாத்தானே எல்லா ஆம்பளயும் போறாங்க, வர்றாங்க. உங்களத் தவிர வேற ஒருத்தருமா பார்க்கல?"

நல்லசாமி பக்கத்து வீட்டுக் கதவை ஒரு தரம் பார்த்தான், பிறகு குனிந்து கோடரியைக் கட்டையிலிருந்து அசைத்து அசைத்துப் பிடுங்கத் தொடங்கினான், அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த நேரத்தில் லயம் இப்படி இருக்காது. யாராவது பிள்ளையை அதட்டுவார்கள், ரேடியோ பாடும், அம்மியில் ஏதாவது அரைபடும், இந்தத் தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால்கூட இங்கே கேட்கும். இப்போது ஒன்றும் இல்லை. வரிசையாக எல்லா வீட்டிலும் அடுப்புப் புகை மட்டும் கூரைமேல் வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் மூக்கம்மா ஒரு சட்டியைச் சத்தமில்லாமல் தரையில் இறக்கி வைத்தாள், வைத்தது கேட்டது. எத்தனை பேர் இப்படிச் சுவரோரம் நிற்கிறார்கள். நல்லசாமியா இப்படிச் செய்தான் என்று ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லையே, அவர்களில் ஒருத்திக்கும் இது புதுச் செய்தி இல்லையே. அவரவர் புருஷன் அன்றைக்கே வந்து சொல்லியிருப்பான். எல்லாருக்குமா பயம், இவள் நடந்து வருவதை நினைத்து, இல்லை வேறு ஏதாவதா... நீதான்கா நிக்கணும் என்று மூக்கம்மா சொன்னது இரண்டு தேயிலை நிரைக்கு நடுவில் நின்று, கொழுந்தைப் பறித்துக்கொண்டே, தலையை நிமிராமல். பறிக்கும்போது யார் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்றுதான் பாலாமணி அன்றைக்கு நினைத்திருந்தாள்.