என் கிச்சன் இருக்கிற இடம்

"எங்கம்மாகிட்ட மன்னிப்பு கேளுங்க" என்றேன், எதிரே இருந்த கம்பெனி வக்கீலிடம்.

மேசைக்கு அடியில் என் வக்கீல் பிரென்டிஸ் என் காலை மிதித்தார். காலையிலிருந்து மூன்று முறை சொல்லியிருந்தார்: "எவ்வளவு வேணா கேளு ஜோவெல், மன்னிப்பை மட்டும் கேட்டுடாத. கம்பெனிங்க காசு கொடுக்கும், வாயைத் திறக்காது."

எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். படித்ததில் மிஞ்சியது, எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படிக்கிற கெட்ட பழக்கம். சமரச ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தில் இருந்தது: 'வாதியின் தாயார், காற்றோட்டமில்லாத கிச்சனில், பெட்டியில் கண்ட அறிவுரைக்கு மாறாக, சுருள்முடியை நேராக்கும் க்ரீமைக் கூடுதல் நேரம் விட்டுவைத்ததை வாதி ஒப்புக்கொள்கிறார்.'

நான் சொன்னதுதான். போன மாத வாக்குமூலத்தில், "அம்மா என் கிச்சன்ல மட்டும் க்ரீமை அஞ்சு நிமிஷம் கூடுதலா விடுவாங்க" என்றேன். எங்கள் ஊர் மேக்கனில், கறுப்பர் வீடுகளில், பிடரியில் எந்தச் சீப்புக்கும் அடங்காமல் சுருண்டு கிடக்கிற முடிக்குப் பெயர் கிச்சன். கம்பெனியின் ஆறு வக்கீல்கள் கூடி அதற்குள் அடுப்பும் புகையும் மூடிய ஜன்னலும் வைத்துவிட்டார்கள். நல்லவேளை, என்னைப் பொரித்தெடுத்ததாக எழுதவில்லை.

ஏழு வயதில், ஈஸ்டருக்கு முதல்நாள் தொடங்கியது அந்த க்ரீம். பெட்டிமேல் ஒரு சிறுமி சிரிப்பாள். 'குழந்தைகளுக்கு மென்மையானது' என்று போட்டிருக்கும். இருபத்தாறு வயதில் புற்றுநோய் என்று என் கருப்பையை எடுத்தார்கள். க்ரீமால்தானா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. விவாதிக்கிறவர்களுடைய உறுப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

"எந்தக் கிச்சன்?" என்றார் பக்கத்தில் இருந்து அந்த வரியைப் பார்த்த அம்மா. சர்ச் தொப்பி, அதன்கீழ் சூடேற்றிய சீப்பால் இழுத்து நேராக்கிய முடி. பரட்டையாக வந்தால் மரியாதை இருக்காது என்று பிரென்டிஸ் சொல்லியிருந்தாராம். இந்த வழக்குக்கே முடியை நேராக்கிக்கொண்டு வரச் சொன்ன மகான் எங்களுக்கு வாய்த்தவர்.

"பின்வாசப் படியில உக்கார வச்சுத்தான் மேடம் பூசுவேன். அப்படிக் காத்து வரும். காதோரம் எரியாம இருக்க வாஸ்லின் தடவாம கையே வைக்க மாட்டேன்."

"எரியுதுன்னு மக சொல்லலையா?" கம்பெனி வக்கீல் ஆல்ட்ரிட்ஜ் அம்மையார் தேன்குரலில் கேட்டார்.

"சொல்வா. எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு நாங்க..." அம்மாவின் குரல் இறங்கிப்போனது. "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். ஆனா நான்தானே பூசினேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அம்மாவின் முகத்தில் நான் பார்த்துவந்த வாக்கியம் அது. ஆல்ட்ரிட்ஜ் அதைக் குறித்துக்கொண்டார்.

"கிச்சன்னா என் பின்கழுத்து முடி" என்றேன்.

"ஓ! அப்ப அதை 'வீடு'ன்னு மாத்திடலாம். மத்தது அப்படியே இருக்கட்டும்" என்றார் ஆல்ட்ரிட்ஜ்.

"ரொம்பப் பெரிய மனசு. எங்கம்மாவைத் தூக்குல போடறதுக்கு முன்னாடி விலாசத்தைத் திருத்திட்டீங்க."

பிரென்டிஸ் என் காதருகே குனிந்தார். "ஒரே ஒரு வரி, ஜோவெல். யார் படிக்கப் போறா?"

"எங்கம்மா படிப்பாங்க, சார்."

பேனாவை மூடி அவர் பக்கம் உருட்டினேன். "விசாரணைக்கே போகலாம். பன்னிரண்டு ஜூரி உக்காருவாங்கல்ல? கிச்சன்னா என்னன்னு தெரிஞ்ச பொம்பளை ஒருத்தியாவது அதுல இருப்பா."

"தோத்தா ஒண்ணும் கிடைக்காது!"

"தெரியும்."

"கண்ணு, எனக்காகவா..." அம்மா என் கையைப் பிடித்தார்.

"எந்திரிம்மா."

சுருண்ட முடியை அள்ளி உச்சியில் கட்டினேன். பிடரி நன்றாகத் தெரியட்டும் என்று அவர்களுக்கு முதுகைக் காட்டி, அம்மாவோடு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.