ஓரெழுத்து மட்டும் பொறித்த கடிகாரம்

அன்று அந்தக் கடையில் இருந்தவர்கள் ஏழு பேர். நான்; என் தம்பி; தம்பி மனைவி; அவளுடைய அண்ணன்; தம்பியின் ஒரே மகள், உயரத்தால் வீட்டில் 'நெட்டை' என்று அழைக்கப்படுபவள்; கடிகாரங்களை எடுத்துக் காட்டிய விற்பனைப் பெண்; கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து எழுத்துப் பொறிக்கும் முதியவர். எட்டாவதாக ஒருவரும் இல்லை. தானும் கூட இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரியும் என் மைத்துனர் அன்று பல்வலி என்று வீட்டில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன். தராசைச் சோதித்து, சரியாக இருந்தால் மட்டும் முத்திரை குத்துவேன். சோதிக்காமல் குத்துவது திருட்டுக்குச் சமம் என்று எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவனை அதற்காக வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் பரீட்சை எழுதி வந்தவரிடம் 'தேறினாயா' என்று கேட்பதில்லை. கேட்பது சந்தேகப்படுவது. இது என் தகப்பனார் வைத்த சட்டம். பரீட்சைக்கு மறுநாள் அவரே கடைக்கு அழைத்துப்போய்க் கைக்கடிகாரம் வாங்கித் தருவார். நானும் தம்பியும் அப்படித்தான் வாங்கிக் கட்டினோம். அவருக்குப் பின் வாங்கித் தரும் பொறுப்பு எனக்கு வந்தது.

நெட்டை ஒன்பது ஆண்டுகளாகத் துணை விமானி. தலைமை விமானியாக உயர்வதற்கான கடைசிச் சோதனை, நாங்கள் கடைக்குப் போனதற்கு முந்தைய நாள் நடந்தது. அதில் அவள் தேறவில்லை. அதை எங்களிடம் சொல்லிவிடத்தான் மறுநாள் காலையில் வந்தாள். நாங்களோ யாரும் கேட்கவில்லை. அதற்குள் நான் பதினோரு உறவினர் வீடுகளுக்குப் போன் செய்து, நம் வீட்டுப் பெண் கேப்டன் ஆகிவிட்டாள் என்று சொல்லி முடித்திருந்தேன். கடிகாரத்தின் முதுகில் பொறிக்க வேண்டிய, 'கேப்டன்' என்று தொடங்கும் வாசகத்தை ஒரு வாரத்துக்கு முன்பே கடையில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

காரில் ஏறும்போது அவள் கேட்டாள்.

"இன்னைக்கே போகணுமா பெரியப்பா? எனக்கு உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

"வந்து பேசிக்கலாம். ஏறு."

"விடும்மா," என்றார் அவள் மாமா. "பெரியத்தான் கிளம்பிட்டா, எமனே வந்து நின்னாலும் நாளைக்கு வாய்யான்னு சொல்லிட்டுப் போயிட்டே இருப்பார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் சோதிக்கவில்லை.

கடைக் கதவு உள்ளிருந்து பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும். வெளியே மழை வருவதற்கு முந்தைய சாம்பல் வெளிச்சம். உள்ளே ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கும் ஒரு தனி விளக்கு. விற்பனைப் பெண் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, விமானிகளுக்கென்று செய்த மூன்று கடிகாரங்களைக் கறுப்புத் துணி விரித்த தட்டில் வைத்தாள்.

முதலாவதன் விளிம்பு வளையம் முழுக்க எண்கள். வளையத்தைத் திருப்பி எரிபொருள், தூரம் எல்லாம் கணக்குப் போடலாம் என்றாள் அந்தப் பெண்.

"இத்தனை எண்ணுக்கு நடுவுல மணி எங்கம்மா ஒளிஞ்சிருக்கு?" என்றார் மாமா.

"இப்ப அதெல்லாம் திரையிலயே வந்துடும் மாமா. யாரும் திருப்பிப் பார்க்கிறதில்ல," என்றாள் நெட்டை.

இரண்டாவதில் வேறொரு நாட்டின் நேரம் காட்டச் சிவப்பாக ஒரு முள் கூடுதலாக இருந்தது. அது தம்பிக்குப் பிடித்தது. எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கருவி ஒரே அளவைக் காட்டினால் போதும்.

மூன்றாவது வெறும் கறுப்பு முகம், வெள்ளை எண்கள். பன்னிரண்டுக்கு மேலே ஒரு முக்கோணமும் இரண்டு புள்ளிகளும். சாவி கொடுக்கும் திருகு சின்ன வெங்காயம் அளவுக்கு இருந்தது. பழைய காலத்து விமானிகள் தடித்த கையுறையைக் கழற்றாமலே திருகுவதற்காக அப்படிச் செய்தார்களாம். அலங்காரம் இல்லை, மழுப்பல் இல்லை. "இதுதான்," என்றேன். அவளிடம் கேட்கவில்லை.

நானே அவள் கையில் கட்டினேன். தம்பி மனைவி மகளின் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள்.

"கை ஏன்டி இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

"ஏசிம்மா."

விற்பனைப் பெண் பேச்சுக் கொடுத்தாள். "விமானத்துல நீங்க எந்தப் பக்கம் உட்காருவீங்க மேடம்? கேப்டனுக்கு இடது பக்கம்தானே?"

"நான் வலது பக்கம்," என்றாள் நெட்டை.

"இனிமே இடது பக்கம்," என்று நான் திருத்தினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைக் கழற்றித் தட்டில் வைத்தாள். "பின்னாடி ஒண்ணும் எழுத வேண்டாம் பெரியப்பா. சும்மாவே இருக்கட்டும்."

"எழுதிக் கொடுத்து ஒரு வாரம் ஆச்சு."

"அதான் பெரியப்பா, அது வந்து..."

"அடக்கம் இருக்க வேண்டியதுதான். அதுக்காக வாங்கின பட்டத்தை ஒளிச்சு வைக்கிறதா?" என்று சொல்லிவிட்டு, விற்பனைப் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தேன். கடிகாரம் தடுப்புக்குப் பின்னால் போயிற்று. முதியவர் ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கியை மாட்டினார். இயந்திரம் மெல்லிய குரலில் இரையத் தொடங்கியது.

நெட்டை எழுந்து போனாள். கண்ணாடியை விரல் முட்டியால் மூன்று முறை தட்டினாள்.

"ஐயா, நிறுத்துங்க. தயவுசெஞ்சு நிறுத்துங்க."

இயந்திரம் நின்றது. அவள் திரும்பி எங்களை நோக்கி நின்றாள். ஆறடிக்கு ஒரு விரல் குறைவான பெண். அன்றைக்கு அவள் உயரமாகத் தெரியவில்லை.

"நான் தேறல பெரியப்பா. எஞ்சின் ஒண்ணு தீப்பிடிச்ச மாதிரி வச்சாங்க. செய்ய வேண்டியதைத்தான் செஞ்சேன். முடிவெடுக்க லேட்டாயிடுச்சு. இது ரெண்டாவது தடவை. இனிமே அந்தக் கம்பெனியில எனக்கு இடது பக்க சீட்டு கிடையாது."

முதல் தடவை எப்போது நடந்தது என்பதுகூட எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. தம்பி மனைவி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்ன முதல் வார்த்தையை மறைக்காமல் எழுதுகிறேன்.

"பதினோரு வீட்டுக்குச் சொல்லிட்டேனே."

"தெரியும். நேத்து ராத்திரியே மூணு பேர் வாழ்த்து அனுப்பிட்டாங்க. நான் யாருக்கும் பதில் போடல."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா," என்றான் தம்பி.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா."

என் தகப்பனாரின் சட்டத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் அதுவரை அப்படிப் பேசியதில்லை. நான் முதியவர் நீட்டிய கடிகாரத்தை வாங்கிப் பார்த்தேன். முதுகில் முதல் எழுத்து மட்டும் விழுந்திருந்தது. ஆழமாக, நேராக, பிசிறில்லாமல். நல்ல வேலைக்காரர். எழுத்து விழுந்த கடிகாரத்தைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்றாள் விற்பனைப் பெண், மிகவும் தாழ்ந்த குரலில். திருப்பிக் கொடுப்பதாக நான் சொல்லவே இல்லை.

"இந்த ஒரு எழுத்தோடவே கட்டிக்கிறேன்" என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதைத் தொடவில்லை. மழையில் நனைந்தபடி முதலில் காருக்குப் போனவள் அவள்தான்.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. கடிகாரம் என் அலமாரியில் இருக்கிறது. சாவி கொடுக்க ஆளில்லாமல் ஏழரை மணியில் நிற்கிறது. நெட்டை முன்போலவே வேலைக்குப் போகிறாள், வலது பக்கம் உட்காருகிறாள். எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. போனில், "நல்லா இருக்கேன் பெரியப்பா, நீங்க மாத்திரை போட்டீங்களா?" என்பதோடு சரி.

அன்றே அந்தப் பதினோரு வீட்டுக்கும் மறுபடி போன் செய்திருக்க வேண்டும். எனக்குக் கை வரவில்லை. பேசாமல் இருந்தால் குடும்ப மானம் தப்பும் என்று நினைத்தேன். போன மாதம் உறவினர் ஒருவர் அவள் ஓட்டிய விமானத்தில் பயணம் செய்திருக்கிறார். அவள் தோளில் கேப்டனுக்கு உரிய நான்கு பட்டைக்குப் பதில் மூன்றைப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து பேச்சு கிளம்பி, என் மைத்துனர் வாயில் கை கால் முளைத்து, எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. ஆகவே அந்தப் பதினோரு வீட்டுக்கும் இதை எழுதி அனுப்புகிறேன்.

நெட்டை கேப்டன் ஆகிவிட்டதாகப் பொய் சொல்லிப் பெரியப்பாவிடம் விலையுயர்ந்த கடிகாரம் வாங்கிக்கொண்டாள் என்கிறார்கள். அது தவறு. அவள் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை, கடிகாரத்தையும் வாங்கிக்கொள்ளவில்லை. அப்படிச் சொன்னவன் நான்.