மூன்றாவது சீட்டு

ஒரு கம்ப்யூட்டரில் விண்டோஸ் பத்தை எடுத்துவிட்டுப் பதினொன்றைப் போடலாமா வேண்டாமா என்று எங்கள் சபைக் கமிட்டி நாலு மாதம் கூடிப் பேசியது. நாலு கூட்டத்துக்கும் சாயா போட்டுக் கொடுத்தவள் நான். சபை ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாக எழுத்தர் வேலை பார்க்கிறேன். அந்தக் கம்ப்யூட்டரில் தினமும் வேலை செய்கிற ஒரே ஆளும் நான்தான். என்னிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சாயா ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

ஜூன் மாதம் ஒரு காலையில் திரையைத் திறந்ததும் ஒரு அறிவிப்பு வந்தது. அக்டோபரோடு பத்துக்குப் பாதுகாப்பு நின்றுவிடும், பதினொன்றுக்கு மாறிக்கொள் என்று. அதை நேரே போய்ச் செயலரிடம் சொன்னேன். சொன்ன என் நாக்கை அறுக்க வேண்டும்.

செயலர் ஜஸ்டஸ் சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கீழவிளைக்காரர். பொருளாளர் சத்தியநேசன் ரப்பர் ஷீட் வியாபாரி, மேலவிளைக்காரர். மேலவிளை மழை என்று சொன்னால் கீழவிளை விரித்த குடையையும் மடக்கிவிடும், அப்படி ஒரு ஒற்றுமை எங்கள் சபையின் இந்த இரண்டு ஊருக்கும். சத்தியநேசனின் தங்கை மகன் பெனினுக்குக் கருங்கல் டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருக்கிறது. அதனால் பொருளாளர் மாற்றலாம் என்றார். பொருளாளர் மாற்றலாம் என்றதால் செயலர் மாற்ற வேண்டாம் என்றார்.

முதல் கூட்டத்தில், மாற்றாவிட்டால் வைரஸ் வரும் என்று ஒருவர் சொல்ல, அது சபை மைக் செட்டுக்கும் பரவுமா என்று இன்னொருவர் கேட்டார். கேலி என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். இல்லை, மெய்யாகவே கேட்டார். இரண்டாம் கூட்டத்தில், பக்கத்துச் சபையில் பதினொன்று போட்டாயிற்று என்று சத்தியநேசன் மானப் பிரச்சினையைக் கிளப்பினார். குருத்தோலை ஞாயிற்றுக்குப் பிளாஸ்டிக் ஓலை பிடிக்கிற கூட்டத்தைப் பார்த்தா நாம் நடப்பது என்று மூன்றாம் கூட்டத்தில் ஜஸ்டஸ் சார் பதில் கொடுத்தார். அவருக்கு உள்ளூர வேறு பயம். மத்தியானம் ஆபீஸுக்கு வந்து ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரில் ஏதோ ஆடுவார். அந்த ஆட்டம் புதியதில் இருக்காது என்று யாரோ அவரிடம் சொல்லிவைத்திருந்தார்கள். எண்ணெய் சொட்டும் பழம்பொரி தின்ற விரலோடுதான் மவுஸைப் பிடிப்பார். அவர் போன பிறகு ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் நான் தொடுவேன்.

பத்தா பதினொன்றா என்பதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் கிடையாது. பன்னிரண்டு வந்தாலும் தட்டுவேன். என் கவலையெல்லாம் உள்ளே கிடந்த ஞானஸ்நானப் பதிவேட்டைப் பற்றித்தான். நூற்று நாற்பது வருஷத்துப் பெயர்கள். பூச்சி அரித்த ஒன்பது பெரிய புத்தகங்களை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் வரிவரியாக நான் தட்டி ஏற்றியது. தட்டி முடித்த அடுத்த வருஷம் ஆபீஸுக்கு வெள்ளையடித்தார்கள். அன்றைக்கு நான் லீவு. எல்லாம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று ஒன்பது புத்தகத்தையும் பழைய பேப்பர்காரனுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். விஷயம் தெரிந்து கருங்கலுக்கு ஓடினேன். அதற்குள் லாரி போய்விட்டது. ஒரே ஒரு புத்தக அட்டை மட்டும் கிடைத்தது. அதன்மேல் யாரோ சாளை மீனைப் பரத்தி வைத்திருந்தார்கள்.

அந்த ஒன்பதாவது புத்தகத்தில் எபிசன் இருந்தான். இருபத்தாறு வருஷத்துக்கு முன் பிறந்த என் மூத்த பிள்ளை. ஒன்பது நாள் இருந்தான். எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் வைத்தே அப்போதிருந்த போதகர் ஞானஸ்நானம் கொடுத்தார். போட்டோ எடுக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் வாங்கவில்லை. பிறகு அதை வாங்க யாருக்குக் கால் எழும்பும்? கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல் அவன் குழியில் வேறொரு பெரியவரை வைத்தாயிற்று. என் பிள்ளை இந்த உலகத்துக்கு வந்துபோனான் என்பதற்கு அந்த ஒரு வரிதான் பாக்கி. அந்த வரி கிடக்கிற பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டுதான் இவர்கள் மைக் செட்டுக்கு வைரஸ் வருமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

எதைச் செய்வதானாலும் முதலில் பதிவேட்டை நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். முதலில் முடிவு வரட்டும் என்றார்கள்.

அக்டோபர் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து நாலாவது கூட்டம். ஆறு பேர் மாற்ற வேண்டும், ஆறு பேர் வேண்டாம். புதிதாக வந்திருந்த போதகர் எந்த விளைக்கும் பொல்லாதவராக விரும்பாதவர். அவர் எழுந்து, நாம் ஏன் வாதாட வேண்டும், திருவுளச்சீட்டுப் போடுவோம் என்றார். கர்த்தருடைய சித்தம் எதுவோ அது சீட்டில் வரட்டும். எல்லோருக்கும் நிம்மதி. எங்கள் சபையில் பெண் பார்ப்பதிலிருந்து கிணறு தோண்டுவது வரை சீட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தன் மூளை செய்ய வேண்டிய வேலையைக் கர்த்தர் தலையில் கட்டுவதைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. போதகர் இரண்டு துண்டுத் தாளில் ‘மாற்று’, ‘மாற்ற வேண்டாம்’ என்று எழுதி மடித்தார். ஒருவர் காணிக்கைப் பையை எடுத்து வந்தார். சாயாத் தட்டோடு வாசலில் நின்ற என்னால் அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை.

“ஐயா, இன்னொரு சீட்டும் எழுதுங்க. முதல்ல காப்பி எடுக்கணும்னு.”

போதகர் சிரித்தார். “தேவகனி, கர்த்தருக்கு ரெண்டு சீட்டு போதும்.”

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். மேலவிளை கீழவிளை சேர்ந்து சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு முழங்கால்போட்டு ஜெபம் பண்ணினார்கள். போதகர் கண்ணை மூடிப் பைக்குள் கைவிட்டு எடுத்தார். ‘மாற்று’. சத்தியநேசன் மெல்லிய குரலில் அல்லேலூயா சொன்னார். மறுநாள் காலையிலேயே பெனின் வருவான் என்றும் சொன்னார். எனக்கு ஒரு நாள் தாருங்கள், நகல் எடுத்துவிடுகிறேன் என்று ஜஸ்டஸ் சாரிடம் கேட்டேன். தோற்றுப்போன கடுப்பெல்லாம் அவருக்கு என்மேல் திரும்பியது.

“சீட்டு விழுந்தாச்சு. இனி காப்பி எடுக்கது அவிசுவாசம். நீ பேசாத இரி.”

பேசாமல்தான் இருந்தேன். வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றாமல் கருங்கலுக்கு பஸ் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே பாதிக் கடை பூட்டு. தாணு என்று ஒருவருடைய மொபைல் கடை மட்டும் திறந்திருந்தது. ஒரு பென் டிரைவ் வாங்கினேன். ஆபீஸ் சாவி எப்போதும் என்னிடம்தான் இருக்கும். திரும்பி வந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பதிவேடு முழுவதையும் ஏற்றினேன். ஓய்வுநாளில் கடைக்குப் போனது ஒன்று, அவிசுவாசம் ஒன்று, இரண்டு பாவம். ஏறி முடிந்ததும் முதலில் அவனுடைய வரியைத் திறந்து பார்த்தேன். இருந்தான். பென் டிரைவைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை பெனின் வந்தான். நல்ல பையன்தான், அவசரக் கை. பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போட்டால்தான் புதியது வேகமாக ஓடும் என்றான். பதிவேடு எங்கே இருக்கிறது என்று காட்ட வாயைத் திறந்தேன்.

“அக்கா, ஒண்ணும் போவாது. நான் பாத்துக்கிடுவேன்.”

பார்த்துக்கொண்டான். திரையில் கண்ணுக்குத் தெரிந்த கிறிஸ்மஸ் போட்டோக்களையும் ஜஸ்டஸ் சாரின் ஓய்வுபெறும் விழா வீடியோவையும் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைத் துடைத்தான். பதினொன்று பளபளவென்று வந்தது. சத்தியநேசன் அதன்முன் நின்று போட்டோ எடுத்துச் சபை வாட்ஸ்அப்பில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை ஜஸ்டஸ் சார் ஆபீஸுக்கு வந்தார். கடைசி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் சபையில் பெண்ணின் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார்களாம், ஒன்று அடித்துக் கொடு என்றார். பதிவேடு இல்லையே சாரே என்றேன். அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது முகம் வெளுத்தது. பெனினைக் கூப்பிட்டார்கள். அவன் நாலு மணி நேரம் தோண்டிவிட்டு வியர்த்துப்போய் எழுந்தான். சத்தியநேசன் மருமகனைத் திட்ட, ஜஸ்டஸ் சார் சத்தியநேசனைத் திட்ட, போதகர் இது நம் விசுவாசத்துக்கு வந்த சோதனை என்றார். பென் டிரைவ் என் வீட்டு அலமாரியில் இருந்தது. நான் சொல்லவில்லை. இரண்டு நாள் வேகட்டும் என்று விட்டேன். அது மூன்றாவது பாவம், நன்றாகவே இருந்தது.

வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். பெனின் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அக்கா, எனக்க தலை தப்பிச்சு” என்றான். நன்றி என்று ஒன்று எனக்குக் கிடைத்தது அவனிடமிருந்து மட்டும்தான். போதகர் மேலே பார்த்து ஸ்தோத்திரம் சொன்னார். சீட்டு பொய்க்கவில்லை, ஒன்றும் போகவில்லை பார்த்தீர்களா என்று எல்லோரிடமும் சொன்னார். ஜஸ்டஸ் சார் சான்றிதழை வாங்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் அவசரக் கூட்டம். இந்தத் தடவை சாயா போடச் சொல்லவில்லை, உட்காரச் சொன்னார்கள். சபைச் சொத்தை அனுமதியில்லாமல் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனது, இரண்டு நாள் மறைத்து வைத்தது, இரண்டுக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டுமாம், மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். புத்தகத்தைப் பேப்பர் கடைக்கு அனுப்பிய வாய்கள் இதைச் சொல்லின. மேலவிளை ஆறும் கீழவிளை ஆறும் ஒரே குரல். எனக்குச் சீ என்று போய்விட்டது.

“யாரு கேட்டு நீ இதச் செய்தா?” என்றார் ஜஸ்டஸ் சார்.

“யாரும் கேக்கல்ல சாரே. எபிசனுக்காகச் செய்தேன்.”

“எந்த எபிசன்?”

நான் எழுந்து கம்ப்யூட்டரில் அந்த வரியைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பள்ளிக்கூடப் பழக்கம், எது எழுதியிருந்தாலும் அவருக்குச் சத்தமாகத்தான் வாசிக்க வரும். பிள்ளையின் பெயர் எபிசன் என்று வாசித்தார். தாய் தேவகனி. பிறந்தது ஆகஸ்ட் நாலு. ஞானஸ்நானம் ஆகஸ்ட் பதினொன்று, ஆஸ்பத்திரியில். மரணம் ஆகஸ்ட் பன்னிரண்டு. சாட்சி, என்று தொடங்கி நிறுத்திவிட்டார். சாட்சி என்ற இடத்தில் இருந்தது அவருடைய பெயர். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் நின்றவர் அவர்தான். பிள்ளையைக் கையில் வாங்கிப் பெயர் சொன்னவரும் அவர்தான்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை போதும், இருபத்தாறு வருஷத்துக்கும் சேர்த்து மன்னித்திருப்பேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “அடுத்த விஷயத்துக்குப் போவும்” என்றார். அடுத்த விஷயம் அறுப்பின் பண்டிகைக்குப் பந்தல்.

கூட்டம் முடிந்ததும் தீர்மானத்தின் குறிப்பை வழக்கம்போல என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ‘எழுத்தர் மன்னிப்புக் கேட்டார், கமிட்டி ஏற்றுக்கொண்டது’ என்று அவர் கையெழுத்தில் இருந்தது. அந்தத் தாளைத் தொடவே எனக்குக் கூசியது. நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை என்று பன்னிரண்டு பேருக்கும் தெரியும்.

பதினொன்றில் நான் அடித்த முதல் தீர்மானம் அது. இப்படி அடித்தேன்: ‘பிள்ளை எபிசனின் ஞானஸ்நானச் சாட்சியான செயலர் திரு. ஜஸ்டஸ், எந்த எபிசன் என்று கேட்டார். எழுத்தர் தேவகனி மன்னிப்புக் கேட்கவில்லை.’ அச்செடுத்துக் கொடுத்தேன். இருபத்திரண்டு வருஷமாக நான் கொடுப்பதை வாசிக்காமல்தான் அவர் கையெழுத்துப் போடுகிறார். அதையும் போட்டார். மூன்று நகல் எடுத்து மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டம் நவம்பர் முதல் ஞாயிறு. முந்தின கூட்டத்தின் தீர்மானத்தைச் செயலர்தான் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும்.