செத்த பெட்டித் தேன்

கருமத்தம்பட்டிக்குத் தெற்கே, கந்தப்பனின் தோட்டத்தில் வரிசையாக நின்ற தேன்பெட்டிகளில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. தொண்ணூற்றிரண்டில் வந்த நோய் மற்றதையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டது. தேனீக் குஞ்சுகளான புழுக்கள் அறைக்குள்ளேயே நீர் கோத்து ஊதிச் செத்ததை நினைத்தால் அவன் மனைவி பாவாத்தாளுக்கு இன்னமும் சோறு இறங்காது. அவள் புருஷனுக்கு அதெல்லாம் எப்போதோ மறந்துபோயிற்று. கொடுத்து வைத்த மனுஷன்!

மிஞ்சிய கூட்டம் முருங்கைப் பூவில் பெருத்து, சின்னப் பெட்டியின் வாசலில் தாடி போலத் தொங்கியது. பெரிய பெட்டிக்கு மாற்றாவிட்டால் பிரிந்து போய்விடும். மாற்றும்போது தேன் குறைந்தாலோ மொத்தமாகவே பறந்துவிடும். இதுவும் போனால் அந்தத் தோட்டத்தில் தேனீ என்ற பேச்சே கிடையாது. அந்தப் பயத்தில், ஒருநாள் சாயங்காலம் பாவாத்தாளே முன்நின்று மாற்றினாள். புழு இருக்கிற அடைகளை நடுவில் வைத்து, அந்தக் கூட்டத்தின் சொந்தத் தேனடைகளை இருபக்கமும் வைத்து, பெரிய சட்டங்களில் வாழைநாரால் கட்டினாள். ஒரு சொட்டுத் தேன் கீழே சிந்தவில்லை. மூடி போடுகிற வேலையை மட்டும் கந்தப்பனிடம் விட்டுவிட்டு மாடு கறக்கப் போனாள்.

மறுநாள் மத்தியானம் சோறு போடும்போது கந்தப்பன் தானாகவே ஆரம்பித்தான்.

“பயப்படாத அம்மணி, அதுக எங்கயும் ஓடாது. புது ஊட்டுக்குக் குடி போறப்ப நெறகொடமும் உப்பும் அரிசியும் இல்லாம ஆராச்சும் போவாங்களா? பொட்டி பாதி வெறுமையாக் கெடந்துது. ரண்டு ஓரத்துலயும் தேனடை சேத்தி வெச்சுப்போட்டேன்.”

“எந்தத் தேனடைங்க?”

“சமையக்கட்டு அட்டாலி மேல கெடந்துதே, பழைய பொட்டிகளுது. அதுக குடிக்கத் தோதா மேல் மெழுகக்கூடக் கீறி உட்டேன்.”

பாவாத்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள். செத்த பெட்டித் தேனை மனுஷர் தின்னலாம், தேனீ வாய் வைக்கக் கூடாது, நோய் அதிலேயேதான் இருக்கும் என்று நோய் வந்த வருஷம் பெட்டிகளைப் பார்க்க வந்த தேன் ஆபீசர் படித்துப் படித்துச் சொன்னபோது இந்த மனுஷனும் பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

“அய்யோ, கெடுத்துப்போட்டீங்களே! அது நோய்த் தேனுங்க!”

கந்தப்பனின் முகம் செத்துப்போயிற்று. “பட்டினி கெடக்குமேன்னுதான் பாவா...”

அவள் அதற்குள் தோட்டத்துக்கு ஓடிவிட்டாள். குடிவந்த மறுநாளே உச்சிவெயிலில் பெட்டியைத் திறந்தால் மிரண்டு பறந்துவிடலாம். திறக்காமல் விட்டால் குடித்துத் தொலைத்துவிடும். மூடியைத் தூக்கினாள்.

ஒன்றுகூடப் பறக்கவில்லை. ஓரத்து அடையை வெளியே எடுத்தாள். காகிதமாகக் கனமற்று இருந்தது. ஒவ்வொரு அறையும் நக்கித் துடைத்துக் கிடந்தது. அடுத்த ஓரமும் அப்படியே. மனம் கேளாமல் நடு அடையை உயர்த்திப் பார்த்தாள். மேல் விளிம்பு முழுக்க, ஓரத்திலிருந்து கொண்டுவந்து இறக்கிய தேன் மினுங்கியது. அதற்குக் கீழே, வெள்ளை வெளேரென்ற புழு ஒன்றின் அறைக்குள் தலையை விட்டு ஒரு தேனீ ஊட்டிக்கொண்டிருந்தது.

வேலியோரத்தில் நின்றே கந்தப்பன் கேட்டான்.

“எடுத்துப்போட்டியா பாவா?”

“எடுக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லீங்க.”